கையில் ரிமோட், தலைக்கு மேல் ஜெட்

மணிக்கு 749 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விமானம் போகிறது. உள்ளே பைலட் கிடையாது. பைலட் கீழே தரையில் நின்றுகொண்டு, கையில் இருக்கும் ரிமோட்டின் இரண்டு குச்சிகளை விரலால் அசைத்துக்கொண்டிருக்கிறார். 2017 செப்டம்பர் 15 அன்று ஜெர்மனியில் பாலன்ஸ்டெட் என்ற ஊரின் விமானத்தளத்தில் நீல்ஸ் ஹெர்பிரிக் என்பவர் செய்து காட்டிய சாதனை இது. கின்னஸ்காரர்கள் தசமத்தோடு 749.221 என்று பதிந்து வைத்திருக்கிறார்கள்.

இந்த எண்ணைக் கேட்டால் சட்டென்று ஒன்றும் பிடிபடாது. கிரிக்கெட்டில் வைத்துப் பார்த்தால் புரியும். 2003 உலகக் கோப்பையில் ஷோயப் அக்தர் போட்ட அந்தப் புகழ்பெற்ற பந்து மணிக்கு 161.3 கிலோமீட்டர். இந்த விமானம் அதைப்போல நாலரை மடங்குக்கும் மேல். விநாடிக்கு 208 மீட்டர். பத்து பிட்ச்களை வரிசையாகப் போட்டால் ஒரே விநாடியில் தாண்டிவிடும். இரண்டாம் உலகப் போரில் ஹிட்லர் லண்டன் மேல் ஏவிய வி-1 பறக்கும் குண்டின் வேகமே மணிக்கு சுமார் 640 கிலோமீட்டர்தான். ஒரு காலத்தில் ஒரு நகரத்தையே நடுங்க வைத்த வேகத்தை இன்று வார இறுதிப் பொழுதுபோக்கு தாண்டிவிட்டது.

(இதைவிடக் கூத்து ஒன்று உண்டு. 2021 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் ஸ்பென்சர் லிசன்பி என்பவர் இன்ஜினே இல்லாத ஒரு மாடல் கிளைடரை, மலை முகட்டைத் தாண்டி வரும் காற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மணிக்கு 882 கிலோமீட்டர் வரை ஓட்டிவிட்டார். அது தனிக்கதை. இங்கே பேச்சு ஜெட்டைப் பற்றி.)

ரிமோட் விமானம் என்றவுடன் நம்மூரில் பாதிப் பேருக்கு நினைவுக்கு வருவது பொம்மைக் கடை. மீதிப் பாதிக்கு அஜித். அவர் மாடல் விமானப் பிரியர் என்பதும், 2018ல் சென்னை எம்.ஐ.டி. மாணவர்களின் தக்‌ஷா ட்ரோன் குழுவுக்கு ஆலோசகராக இருந்தார் என்பதும், அந்தக் குழு ஆஸ்திரேலியாவில் நடந்த போட்டியில் இரண்டாவது இடம் பிடித்ததும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பொம்மை என்ற வார்த்தைக்கும் இந்த ஜெட்களுக்கும் சம்பந்தமே இல்லை. உள்ளே இருப்பது அசல் டர்பைன் இன்ஜின்.

பெரிய விமானத்தில் நடக்கும் அதே வேலைதான் இதிலும் நடக்கிறது. முன்னால் காற்றை இழுத்து அழுத்துகிறது. எரிபொருளைக் கலந்து எரிக்கிறது. சூடான வாயு வெளியேறும் வழியில் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு மீதி பின்னால் பீய்ச்சி அடிக்கிறது. எரிபொருள் மண்ணெண்ணெய், அல்லது விமானங்களுக்குப் போடும் அதே ஜெட் எரிபொருள், அதில் கொஞ்சம் டர்பைன் ஆயில். இன்ஜினின் அளவு ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் அளவு, எடை இரண்டு மூன்று கிலோ. ஆனால் தள்ளுவிசை இருபது கிலோவைத் தொடும். உள்ளே சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. பைக் பத்தாயிரம் ஆர்.பி.எம். தொட்டாலே தெரு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்!

இவ்வளவு சின்னதாக டர்பைன் செய்யவே முடியாது என்றுதான் வெகு நாள் பேச்சு இருந்தது. எண்பதுகளின் கடைசியில் கர்ட் ஷ்ரெக்லிங் என்ற ஜெர்மானியர் அதைச் சாதாரண ஆள் வீட்டுப் பட்டறையில் செய்யக்கூடிய விஷயமாக மாற்றினார். காற்றை அழுத்தும் சக்கரத்தை அவர் எதில் செய்தார் தெரியுமா? பிளைவுட்டில். பலத்துக்கு கார்பன் இழை. பிறகு அதைப் புத்தகமாகவும் எழுதி எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பின் ஜெட்கேட் மாதிரி நிறுவனங்கள் வந்தன, கடையில் வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது. விலை மட்டும் பிளைவுட் விலை இல்லை. நல்ல டர்பைன் ஒன்றே லட்சங்களில். பெரிய விமானமாக முழுதாகச் செய்து முடித்தால் ஒரு காரின் பணம் போய்விடும்.

சரி, இது ஏன் ஆபத்து? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். சாதனை விமானம் எல்லாம் வேண்டாம். கிளப்களில் பறக்கும் சாதாரண ஜெட், எரிபொருளோடு 15 கிலோ, வேகம் மணிக்கு 320 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் படித்த அதே அரை எம்.வி. ஸ்கொயர். கிட்டத்தட்ட 59,000 ஜூல் வருகிறது. ஓட்டுபவரோடு சேர்த்து 200 கிலோ எடையுள்ள ஒரு பைக் மணிக்கு 88 கிலோமீட்டரில் வந்து மோதினால் இருக்கும் அதே ஆற்றல். பைக்குக்காவது ரோடு உண்டு, பிரேக் உண்டு. இது எந்தத் திசையிலும் வரலாம். கூடவே இரண்டு மூன்று லிட்டர் மண்ணெண்ணெயும் பல நூறு டிகிரி சூட்டில் ஒரு இன்ஜினும் வரும். விழுந்த இடத்தில் காய்ந்த புல் இருந்தால் மீதியைச் சொல்லவே வேண்டாம்.

எப்படி விழுகிறது என்பதுதான் சுவாரசியமான பகுதி. பெரிய விமானத்தில் பைலட் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். விமானம் லேசாக ஒரு பக்கம் சாய்ந்தால் உடம்பே சொல்லிவிடும். தரையில் நிற்பவருக்கு கண் மட்டும்தான். இரண்டு மீட்டர் நீள விமானம் அரை கிலோமீட்டர் தள்ளிப் போனால் வானத்தில் ஒரு கறுப்புக் கோடு. மேகமூட்டமான நாளில் அந்தக் கோடு வருகிறதா போகிறதா, வயிறு தெரிகிறதா முதுகு தெரிகிறதா என்றே குழம்பிவிடும். போகிறது என்று நினைத்து இடது பக்கம் திருப்பினால், உண்மையில் வந்துகொண்டிருந்த விமானம் எதிர்ப்பக்கம் திரும்பும். அந்தக் குழப்பம் ஒரு விநாடி நீடித்தால் 89 மீட்டர் போச்சு. இரண்டு விநாடி என்றால் பார்வையாளர்கள் நிற்கும் இடத்துக்கு வந்துவிடலாம்.

அடுத்தது இன்ஜினின் சோம்பல். எலெக்ட்ரிக் மோட்டாரில் ஆக்ஸிலரேட்டரைத் தள்ளினால் உடனே பாயும். டர்பைன் அப்படியில்லை. ஐடிலில் இருந்து முழு வேகத்துக்கு வர சில விநாடிகள் எடுக்கும். இறங்கும்போது தாழ்வாக வந்துவிட்டது, கொஞ்சம் தூக்கலாம் என்று த்ராட்டிலைத் தள்ளினால், இன்ஜின் யோசித்து எழுந்து வருவதற்குள் விமானம் வேலி மேல் உட்கார்ந்திருக்கும். எரிபொருள் குழாயில் ஒரு காற்றுக்குமிழி போனால் இன்ஜின் மொத்தமாக அணைந்தே போகும். அப்புறம் கிளைடர் மாதிரி இறக்க வேண்டியதுதான். ஆனால் ஜெட்டின் சின்ன இறக்கைக்கு மெதுவாக மிதக்கத் தெரியாது. வேகமாகத்தான் வந்து இறங்கும்.

ஃப்ளட்டர் என்று ஒன்று இருக்கிறது. இறக்கையில் அசையும் பகுதியின் இணைப்பில் கொஞ்சம் ஆட்டம் இருந்தால்கூட, ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் அது கொடி மாதிரி படபடக்க ஆரம்பிக்கும். படபடப்பு வளர்ந்து இறக்கையையே பிய்த்துவிடும். எல்லாம் கண் இமைக்கும் நேரம். மணிக்கு 150 கிலோமீட்டரில் மாதக்கணக்கில் ஒழுங்காகப் பறந்த விமானம் 300ல் முதல் தடவையே சிதறுவது இப்படித்தான். இதைக் கண்டுபிடிக்க பெரிய கருவி எதுவும் வேண்டாம். பறப்பதற்கு முன் அந்தப் பகுதியை விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தால் போதும். இந்த விரல் விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரேடியோ பிரச்சினை முன்பு இன்னும் மோசமாக இருந்தது. பழைய ரிமோட்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சேனல். ஒருவர் பறக்கும்போது அதே சேனலில் இன்னொருவர் சும்மா தன் ரிமோட்டை ஆன் செய்தாலே போதும், மேலே இருப்பது கீழே வந்துவிடும். அதனால் மைதானத்தில் ஒரு பலகை மாட்டி, சேனல் எண் போட்ட கிளிப்பை எடுத்துக் குத்திக்கொண்டவர் மட்டும்தான் ரிமோட்டைத் தொடலாம் என்று வைத்திருந்தார்கள். 2005க்குப் பிறகு 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்கள் பரவி, இந்தத் தொல்லை பெரும்பாலும் போயிற்று. சிக்னல் அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ரிசீவருக்கே முன்கூட்டிச் சொல்லி வைக்கும் ஃபெயில்சேஃப் வசதியும் வந்தது. ஜெட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இன்ஜினை அணை. எங்கேயோ விழட்டும், ஆனால் தூரமாகப் போய் விழ வேண்டாம்.

யாராவது செத்திருக்கிறார்களா என்று கேட்டால், ஆமாம். 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு பூங்காவில் 19 வயது இளைஞர் ஒருவர் தன் ரிமோட் ஹெலிகாப்டர் தன் மேலேயே மோதி இறந்தார். அது ஜெட்கூட இல்லை. 2010 ஆகஸ்டில் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு விமான விழாவில் ஆள் ஓட்டிவந்த இரட்டை இறக்கை விமானம் ஒன்று பெரிய ரிமோட் விமானத்தோடு வானத்திலேயே மோதியது. இறக்கையில் அடி வாங்கினாலும் அது பத்திரமாக இறங்கிவிட்டது. இவ்வளவு ஆற்றலோடு பறக்கும் ஒரு பொழுதுபோக்கில் பெரிய விபத்துகள் தினமும் நடக்க வேண்டும் என்று தோன்றும். நடக்கவில்லை. ஏன்?

காரணம் கிளப்கள். அமெரிக்காவில் 1936ல் தொடங்கிய அகாடமி ஆஃப் மாடல் ஏரோநாட்டிக்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது. சுருக்கமாக ஏ.எம்.ஏ. சாதாரண விமானம் ஓட்டும் உறுப்பினர் நாளைக்கே டர்பைன் வாங்கி மாட்டிவிட முடியாது. அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். வேகமான விமானங்களில் ஏற்கெனவே பழகியிருக்க வேண்டும். அனுபவசாலிகள் முன்னால் நின்று ஓட்டிக் காட்ட வேண்டும், அவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். தீயணைப்புக் கருவி பக்கத்தில் இருக்க வேண்டும். ஓட்டுபவர் பக்கத்தில் ஸ்பாட்டர் என்று இன்னொருவர் நிற்க வேண்டும். ஓட்டுபவர் கண் விமானத்தை விட்டு அகலக்கூடாது அல்லவா? மற்ற விமானம் வருகிறதா, யாராவது ரன்வேயைக் குறுக்கே கடக்கிறார்களா என்று பார்த்துக் கத்துவது ஸ்பாட்டர் வேலை. வேகத்துக்கும் 200 மைல், அதாவது 320 கிலோமீட்டர் என்று ஒரு வரம்பு வைத்தார்கள். பறக்கும் விமானத்தின் வேகத்தைக் கீழே நின்று யார் அளப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும் பெருசுகளின் முகச்சுளிப்புதான் அங்கே ஸ்பீடு கன்.

இதெல்லாம் கிழவர்கள் கூடிப் பேசிப் போட்ட விதிகள் என்று லேசாகத் தோன்றும். இதற்கு நேர் எதிரான ஒரு கதையைப் பார்த்தால்தான் அருமை தெரியும்.

2019 ஜூலை 4. இங்கிலாந்தின் குட்வுட். கார் பந்தயத் திருவிழா நடக்கும் இடம். அலவ்டா என்ற நிறுவனம் எதிர்காலத்தில் பறக்கும் கார்களை வைத்துப் பந்தயம் நடத்தத் திட்டமிட்டிருந்தது. அதற்கு முன்னோட்டமாக ஏர்ஸ்பீடர் என்ற ஆளில்லாத மாதிரி ஒன்றைப் பறக்கவிட்டுக் காட்டியது. இது டர்பைன் இல்லை, பேட்டரியில் ஓடுவது. ஆனால் எடை 95 கிலோ. கிளப் ஜெட்கள் ஆறு சேர்ந்த எடை.

பறந்துகொண்டிருந்தபோது கட்டுப்பாடு போய்விட்டது. கவலை இல்லை, அவசரத்துக்கு என்று ஒரு கில் சுவிட்ச் இருந்தது. அழுத்தினார்கள். ஒன்றும் நடக்கவில்லை! விமானம் பாட்டுக்கு மேலே ஏறியது. சுமார் 8,000 அடி. கேட்விக் விமான நிலையத்துக்கு வரும் பயணிகள் விமானங்கள் வட்டமடித்துக் காத்திருக்கும் வான்பகுதிக்குள்ளேயே நுழைந்துவிட்டது. கடைசியில் பேட்டரி தீர்ந்து கல் மாதிரி விழுந்தது. அனுமதித்த எல்லையில் இருந்து 700 மீட்டர் வெளியே, ஆட்கள் இருந்த வீடுகளில் இருந்து சுமார் 40 மீட்டர் தள்ளி, ஒரு வயலில். யாருக்கும் காயம் இல்லை. அது கடவுள் புண்ணியம், திட்டமிடலின் புண்ணியம் இல்லை.

பிரிட்டிஷ் விமான விபத்து விசாரணைப் பிரிவு 2021ல் வெளியிட்ட அறிக்கை படிக்க வேண்டிய ஒன்று. அந்த விமானம் எந்த அங்கீகரிக்கப்பட்ட தரத்துக்கும் ஏற்ப வடிவமைக்கப்படவோ, கட்டப்படவோ, சோதிக்கப்படவோ இல்லை என்கிறது. நிறுவனம் கொடுத்த பாதுகாப்பு ஆவணத்தில் இருந்த பல கூற்றுகள் உண்மையல்ல என்று தெரியவந்தது. இதற்கு மேல்தான் கிளைமாக்ஸ். பிரிட்டனின் விமான ஒழுங்குமுறை ஆணையம் அந்த ஆவணத்தைப் படித்து, விளக்கம் கேட்டு, திருத்தங்கள் வாங்கி, அனுமதியும் கொடுத்திருந்தது. ஆனால் பறப்பதற்கு முன் அந்த நிறுவனத்தாரை நேரில் சந்திக்கவில்லை. விமானத்தைப் போய்ப் பார்க்கவும் இல்லை.

ஆக, 95 கிலோ எடையுள்ள ஒன்றுக்குக் காகிதத்தில் எல்லாமே சரி. யாரும் போய் விரலால் ஆட்டிப் பார்க்கவில்லை. கிளப்பில் 15 கிலோ ஜெட்டைக் கொண்டு வரும் ஒரு பல் டாக்டரையோ ரிட்டயர்டு வாத்தியாரையோ நாலு பேர் சுற்றி நின்று, "இந்த ஸ்க்ரூ ஏன் லூஸா இருக்கு, ஃபெயில்சேஃப் போட்டுக் காட்டு" என்று பிடுங்கி எடுத்துவிடுவார்கள். அவர்களுக்கு ஆடிட் என்றால் நேரில் வந்து சரக்கை எண்ணுவது. ஆணையத்துக்கு ஆடிட் என்றால் ரிஜிஸ்டரில் கூட்டல் சரியா என்று பார்ப்பது. காமர்ஸ் படிப்பவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை :-)

இனி எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. இதைத் தீவிரவாதிகள் பயன்படுத்தினால்?

ஒருவர் முயன்றிருக்கிறார். ரெஸ்வான் ஃபெர்டவுஸ், வயது 26, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், இயற்பியல் பட்டதாரி. எஃப்-86 சேபர், எஃப்-4 ஃபேண்டம் என்ற பழைய போர் விமானங்களின் ரிமோட் மாடல்களில் வெடிமருந்தை அடைத்து, பென்டகன் மேலும் நாடாளுமன்றக் கட்டடத்தின் மேலும் மோதவைப்பது திட்டம். 2011 செப்டம்பர் 28 அன்று கைது. 2012 நவம்பரில் 17 வருடச் சிறை. கேட்கவே பயமாக இருக்கிறது. ஆனால் வழக்கின் உள்ளே போனால் படம் கொஞ்சம் மாறும். அவருடைய கூட்டாளிகள் என்று வந்தவர்கள் அல் கொய்தா ஆட்கள் போல நடித்த எஃப்.பி.ஐ. ஆட்கள். பணம் கொடுத்ததும் வெடிமருந்து கொண்டுவந்து கொடுத்ததும் அவர்கள்தான். பொறி வைத்து இழுத்தார்களா, இல்லை தானாக வந்து விழுந்தாரா என்று அப்போது பெரிய விவாதம் நடந்தது. எப்படியானாலும் அவர் மனதில் இருந்த எண்ணம் நிஜம். குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டார்.

ஆனால் ஆயுதமாக ஜெட் மாடல் ஒரு மோசமான தேர்வு. கத்தும், ஊருக்கே கேட்கும். நீளமான ரன்வே வேண்டும். எரிபொருள் பத்து நிமிடம்கூட வராது. எடை ஏற்றினால் பறக்காது. எல்லாவற்றுக்கும் மேல், ஓட்டத் தெரிய வருடக்கணக்கில் பழக வேண்டும், அதற்கு நாலு பேர் பார்க்கும் மைதானத்துக்குப் போக வேண்டும். உண்மையில் என்ன நடந்தது பாருங்கள். 2016, 17ல் ஈராக்கின் மொசூலில் ஐ.எஸ். இயக்கம் கையெறி குண்டு போடப் பயன்படுத்தியது கடையில் கிடைக்கும் நாலு விசிறி ட்ரோன்களை. 2021 ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படைத் தளத்தில் குண்டு போட்டதும் தாழ்வாகப் பறந்த ட்ரோன்கள்தான். ஒரு மணி நேரத்தில் பழகிவிடலாம், சத்தம் குறைவு, கையை விட்டால் தானே நிற்கும். ஜெட்டின் வேகம் திருடனுக்கு உபயோகப்படாத பைக் மாதிரி, ஸ்டார்ட் பண்ணும்போதே தெரு விழித்துக்கொள்ளும்.

வேடிக்கை என்னவென்றால், ஃபெர்டவுஸ் கைதாகி ஐந்து மாதம்கூட ஆகவில்லை, 2012 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. கிளப் விதிகளின்படி பறக்கும் மாடல் விமானங்களுக்கு அரசு விமானத்துறை புதிதாக எந்த விதியும் போடக் கூடாது என்று! ஏ.எம்.ஏ.வின் செல்வாக்கு அப்படி. 2018ல் அதை எடுத்துவிட்டார்கள். மாற்றக் காரணம் ஜெட் இல்லை, லட்சக்கணக்கில் பெருகிய ட்ரோன்கள். வாங்கியவர்களில் பெரும்பாலானோர் எந்தக் கிளப்பின் வாசலையும் மிதித்ததில்லை. இப்போது அங்கே அங்கீகரிக்கப்பட்ட மைதானத்துக்கு வெளியே பறந்தால், தான் யார், எங்கே இருக்கிறேன் என்று விமானமே ரேடியோவில் அறிவித்துக்கொண்டு போக வேண்டும்.

அப்படியானால் ஜெட் விஷயத்தில் பாதுகாப்புப் பயம் வெறும் பில்டப்பா? முழுக்க அப்படியும் சொல்ல முடியாது. 2003ல் நியூசிலாந்தின் புரூஸ் சிம்சன் என்பவர் 5,000 டாலருக்குள் வீட்டிலேயே ஒரு க்ரூஸ் ஏவுகணை செய்து காட்டுகிறேன் என்று இணையத்தில் அறிவித்தார். அவர் வாதம், இது எவ்வளவு சுலபம் என்று அரசுகளுக்குப் புரியவைக்க வேண்டும் என்பது. அந்த வருடக் கடைசியில் வரி பாக்கி என்று அவரைத் திவாலாக்கினார்கள். ஏவுகணையை நிறுத்தத்தான் வரி வலை என்பது அவர் கட்சி. அப்போது சிரித்தவர்கள் அதிகம். 2025ல் உக்ரைன் ராணுவ உளவுத்துறை, தங்கள் மேல் ரஷ்யா ஏவிய பாண்டரோல் என்ற புது ஏவுகணையைப் பிரித்துப் பார்த்து ஒரு பட்டியல் போட்டது. அதன் இன்ஜின் ஸ்விவின் என்ற சீன நிறுவனத்தின் சிறு டர்பைன். மாடல் ஜெட்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர், இணையத்திலேயே வாங்கக் கிடைக்கும் சரக்கு.

ஆக, ஆபத்து இருக்கிறது. ஆனால் அது மைதானத்தில் ரிமோட் பிடித்து நிற்கும் ஆளிடம் இல்லை, பெட்டி பெட்டியாக இன்ஜின் வாங்கும் அரசாங்கங்களிடம். கிளப்பை மூடினால் ஏவுகணை நிற்காது. ஃப்ளட்டர் பார்க்கத் தெரிந்த நாலு பேர் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள், ஜெட் வாங்கியவன் காலி மனையில் தனியாகப் பறக்கவிடுவான். அவ்வளவுதான் லாபம்.

நம் நாட்டில் 2021 ஆகஸ்டில் ட்ரோன் விதிகள் வந்தன. அதில் மாடல் என்று ஒரு வகை உண்டு. 25 கிலோவுக்குள், படிப்பு, ஆராய்ச்சி, பொழுதுபோக்கு மாதிரி காரியங்களுக்கு மட்டும், கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள். இந்த வகைக்குத் தரச் சான்றிதழ் தேவையில்லை. தெர்மோகோலில் ஒட்டிய பள்ளிக்கூட புராஜெக்டும் 20 கிலோ டர்பைன் ஜெட்டும் இதே வரியில்தான் உட்காருகின்றன. வேகத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை பறக்கலாம். இதையும் ஒரு கணக்கு போடலாம். மணிக்கு 250 கிலோமீட்டரில் வரும் ஜெட் நாலு ஜி விசையில் ஒரு முழு வட்டம் அடித்தால் அந்த வட்டத்தின் உயரம் மட்டும் கிட்டத்தட்ட 250 மீட்டர். விதியை மதிப்பவர் வட்டம் அடிக்க முடியாது. தாழ்வாக நேராகப் போய்த் திரும்ப வேண்டியதுதான். ஜெட் ஓட்டுபவர்களைக் கேட்டால் தாழ்வாக வேகமாகப் போவதுதான் அதிக ஆபத்து என்பார்கள், உயரம் இருந்தால் தப்பைத் திருத்த நேரம் கிடைக்கும். விதி எழுதியவர் மனதில் இருந்தது கல்யாண வீடியோ எடுக்கும் ட்ரோனாக இருக்க வேண்டும்.

அதே விதிகளில் இன்னொரு வரி. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் வேண்டும், நேனோ என்ற 250 கிராம் குட்டிகளுக்கு மட்டும் விலக்கு. அதற்குப் பொருந்தும் சட்டம் எது தெரியுமா? 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம், தேவையான மாற்றங்களோடு. 59,000 ஜூல் கணக்கைப் பார்த்தால் பைக்கோடு சேர்த்தது ஒன்றும் தப்பில்லை. பைக்குக்கு சி.சி. எவ்வளவு என்று பார்த்து பிரீமியம் போடுகிறார்கள். டர்பைனுக்கு சி.சி. கிடையாது. தள்ளுவிசையைப் பார்ப்பதா, எடையைப் பார்ப்பதா, வேகத்தையா, இல்லை ஓட்டுபவர் பக்கத்தில் ஸ்பாட்டர் நிற்கிறாரா என்று மைதானத்துக்கு வந்து பார்ப்பார்களா? இன்சூரன்ஸ் பேப்பர் எடுத்துப் படிக்கும் யாராவது ஒரு புராஜெக்டாக எடுத்துக் கணக்குப் போட்டால் நன்றாக இருக்கும்.